கோலார் தங்கவயல்: கொங்கு நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, நாங்கள் நாலு பேர் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கோலார் தங்கவயல் போகலாம் என்று இருக்கிறோம். சுரங்கத்துக்குள் இறங்க விடுவார்களா? அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த ஊர் எப்படி உருவானது? நம் கொங்கு நாட்டிலும் தங்கம் எடுத்தார்கள் என்கிறார்களே, நிஜமா?"

முதல் கேள்விக்கு முதலில் பதில். இறங்க விடமாட்டார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. கீழே ஊறுகிற தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்த பம்புகளும் நின்றுபோனதால் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. பழைய இரும்புக்கும் மிச்சம் மீதித் தங்கத்துக்கும் ஆசைப்பட்டுத் திருட்டுத்தனமாக இறங்கியவர்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறார்கள். யாராவது காசு கொடுத்தால் உள்ளே கூட்டிப்போகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்படியானால் போவதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். கே.ஜி.எஃப். சினிமாவில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த ஊரில் ரயில், மின்சாரம், ஏரித் தண்ணீர், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, கோயில், சர்ச் எல்லாமே சுரங்கத்துக்காக வந்தவை. எது எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு சுற்றினால் ஊர் தானாகவே புரியும். அதனால் வரலாற்றையும் பார்க்க வேண்டிய இடங்களையும் தனித்தனியாகப் பிரிக்காமல் கலந்தே சொல்கிறேன்.

போகிற வழியிலேயே ஆரம்பிக்கலாம். ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, குப்பம் வழியாகப் பெங்களூரு போகிற ரயிலில் ஏறிப் பங்காரப்பேட்டையில் இறங்க வேண்டும். தர்மபுரி, ஓசூர் வழியாகப் போகிற வண்டியில் ஏறிவிட்டால் பங்காரப்பேட்டை வராது, டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காரில் போவதானால் கிருஷ்ணகிரி, குப்பம் வழி. ஆனால் நான் ரயிலைத்தான் சொல்வேன். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரைக்கும் ஒரு கிளைப் பாதை பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம் என்று அதில் வரும் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் சுரங்கப் பகுதிகளின் பெயர்கள். 1890களில் சுரங்கத்துக்குத் தேவையான இயந்திரமும் கரியும் மரமும் கொண்டுபோவதற்காகப் போட்ட பாதை இது. இன்றைக்கு விடியற்காலை வண்டிகளில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் நிரம்பி வழிகிறது. தங்கம் நின்றுபோன பிறகு ஊர் பிழைத்திருப்பதே இந்த வண்டிகளால்தான்.

சரி, தங்கம் எப்படிக் கண்ணில் பட்டது? அந்தப் பகுதியில் மண்ணை அலசித் தங்கம் எடுக்கிற வழக்கம் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் மைசூர் எல்லையை அளக்க ஆங்கிலேயர்கள் ஆள் அனுப்பினார்கள். அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் காதில் இந்தத் தங்க விஷயம் விழுந்தது. 1802இல் அவர் வெகுமதி தருகிறேன் என்று அறிவிக்க, உரிகம் பக்கத்து ஆட்கள் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து அவர் கண்முன்னாலேயே அலசிப் பொன் துகளைக் காட்டினார்கள். வாரன் அறிக்கை எழுதினார். அதன் பிறகு பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

எழுபது வருடம் கழித்து அந்த அறிக்கை மைக்கேல் லாவல் என்ற அயர்லாந்துக்காரர் கையில் கிடைத்தது. நியூசிலாந்தில் மவோரிப் பழங்குடிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் வந்து உட்கார்ந்த பழைய சிப்பாய் அவர். நியூசிலாந்தில் தங்க வேட்டையைப் பார்த்தவர், சும்மா இருப்பாரா? மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார், மைசூர் அரசிடம் விண்ணப்பம் போட்டார், 1875இல் உரிகத்தில் குழி தோண்டினார். ஆள் வந்தார், ஆசை வந்தது, பணம்தான் வரவில்லை. கடைசியில் உரிமையை ராணுவ அதிகாரிகள் சிலர் சேர்ந்த ஒரு குழுவுக்குக் கைமாற்றினார். அவர்களுக்கும் கையைச் சுட்டது. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. அவர்கள் நடத்திய மைசூர் கம்பெனியிலும் போட்ட பணம் கரைந்து, இழுத்து மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் நெருக்கினார்கள். மிச்சமிருந்த கொஞ்சப் பணத்தை வைத்து, முன்னோர்கள் தோண்டிவிட்டுப்போன பழைய குழிகளுக்கு அடியிலேயே பார்த்துவிடலாம் என்று பிளம்மர் என்ற சுரங்க நிபுணரை அனுப்பினார்கள். 1883–84இல் அவர் தொட்டதுதான் சாம்பியன் படிவம். வடக்கே பாலகாட், நந்திதுர்க், உரிகம், நடுவில் சாம்பியன் ரீஃப், தெற்கே மைசூர் என்று வரிசையாகச் சுரங்கங்கள் எழுந்தது எல்லாம் அந்த ஒரே படிவத்தின் மேல்தான்.

படிவம் என்றால் சுவரில் பட்டை பட்டையாகத் தங்கம் மின்னும் என்று நினைக்காதீர்கள். கருத்த பாறைக்கு நடுவே வெள்ளைக் கல் ஒரு தகடு மாதிரி மேற்கே சரிந்து இறங்குகிறது. தங்கம் அதற்குள் கண்ணுக்கே தெரியாத பொடியாகக் கலந்திருக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லை அரைத்தால் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசிக் காலத்தில் மூன்று, நான்கு கிராம். நூற்றிருபது வருடத்தில் எடுத்தது மொத்தம் 800 டன் அளவுக்கு வரும். தகடு ஆழத்துக்கு ஆழம் போய்க்கொண்டே இருந்ததால் இவர்களும் பின்னாலேயே போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது அப்படித்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சயனைடு மேடுகள். மொத்தம் பதின்மூன்று. கல்லை மாவாக அரைத்து, முதலில் பாதரசம் பூசிய செப்புத் தகட்டில் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடிப்பார்கள். அதில் தப்பியதைச் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரிப்பார்கள். மிஞ்சிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் கொட்டினால் மலை ஆகாமல் என்ன ஆகும்? 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது என்று கணக்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பலும் வெளுத்த மஞ்சளும் கலந்த நிறம். மழைநீர் வழிந்து வழிந்து பக்கவாட்டில் ஆழமான கோடுகள் விழுந்திருக்கும். கையில் எடுத்தால் கோலமாவைவிட நைசாக விரலிடுக்கில் வழியும், செருப்பு அடிப்பாகம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். புல்கூட யோசித்துத்தான் முளைக்கிறது. படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்கு இது சொர்க்கம். ஆனி ஆடிக் காற்றில் அந்தத் தூசியைச் சோற்றிலும் துணியிலும் வாங்கிக்கொண்டு குடியிருக்கிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். காற்று அடிக்கிற நாளில் மேட்டின் மேல் ஏறாதீர்கள், ஏறினாலும் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்த மேட்டுக்குள் இன்னமும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது என்றாலும், தங்கம் விற்கிற விலைக்குக் கட்டுபடி ஆகும் என்கிறார்கள். அதை ஏலம் விட 2024இல் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது.

மேடுகளுக்கு நடுவே இரும்புக் கோபுரங்கள் தெரியும். உச்சியில் பெரிய சக்கரம். அதற்கு நேர் கீழேதான் குழி. கேஜ் என்று சொல்கிற கூண்டில் ஆட்களை அடைத்துக் கம்பிவடத்தில் கீழே இறக்குவார்கள். கிஃபோர்டு, ஹீத்கோட், எட்கர், ஹென்றி என்று குழிகளுக்கெல்லாம் துரைமார் பெயர். ஒரே இறக்கமாகக் கீழே போய்விட முடியாது. ஒரு குழியில் இறங்கி, குறுக்கே நடந்து, இன்னொரு குழியில் மறுபடி இறங்கி, அப்புறம்தான் வேலை செய்கிற இடம். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும்.

வெப்பத்தைவிட அவர்கள் பயந்தது பாறை வெடிப்புக்கு. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கிற பாரம் முழுக்கப் பக்கச் சுவரை நெருக்கிக்கொண்டே இருக்கும். கல்லை எடுத்த வெற்றிடத்தைச் சுற்றி ஒரு நாள் பாறை தாங்காமல் குண்டு போட்ட மாதிரி வெடித்துச் சிதறும். ஏர் பிளாஸ்ட் என்றுதான் ஊரில் சொல்வார்கள். மேலே வீட்டில் அடுப்பங்கரைப் பாத்திரம் உருளும். உருண்டால் போதும், எந்த ஷிப்டில் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பெண்கள் குழிவாசலுக்கு ஓடுவார்கள். அப்படி ஓடிய ஒரு பாட்டியம்மாவிடம் நான் பேசியிருக்கிறேன். சுரங்கம் மூடிப் பல வருடம் ஆகியும், லாரி போய் ஜன்னல் அதிர்ந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காது கொடுப்பார்.

இனி நம்ம ஊர்ச் சம்பந்தத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லா இயந்திரமும் நீராவியில் ஓடின. அதற்குச் சுற்றுவட்டாரக் காடு முழுக்க விறகாகப் போனது, கரி வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது, செலவு தாங்கவில்லை. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் கே. சேஷாத்ரி ஐயர். டி லாட்பினியர் என்ற கனடாக்காரப் பொறியாளர் கொண்டுவந்த யோசனை, காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிற இடத்தில் மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்பது. 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. கனமான இயந்திரங்களை யானையும் மாடும் கட்டி இழுத்துவந்தார்கள். 1902 ஜூன் 30ஆம் தேதி தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான். சிவசமுத்திரத்தில் விழுந்து எழுந்த அதே தண்ணீர்தான் ஒகேனக்கல், மேட்டூர் தாண்டிப் பவானிக் கூடுதுறைக்கும் கருங்கல்பாளையம் பாலத்துக்கும் வருகிறது. நமக்குப் பைக்காரா மின்சாரம் வந்து கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியது 1930களில். அதற்கு முப்பது வருடம் முன்பே காவிரி அங்கே குழிக்குள் வேலைக்குப் போய்விட்டது. அந்த வெளிச்சம் துரைமார் பங்களாவுக்குச் சீக்கிரம் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கு வர ரொம்பக் காலம் பிடித்தது.

குடிதண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து. பாலாறு வாணியம்பாடிக்கு வருவதற்கு முன்னால் நிறைகிற ஏரி அது. தங்கவயலிலிருந்து வண்டியில் போய்ச் சாயங்காலம் கரையில் நடந்துவிட்டு வரலாம். மழை பெய்த வருடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்த தரைதான்.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் வடார்க்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து. அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நம் பக்கத்தை எப்படிப் போட்டுப் புரட்டியது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது ஓய்ந்த கையோடு சுரங்கம் சூடுபிடித்தது. நிலமும் இல்லை, ஊருக்குள் மரியாதையும் இல்லை என்ற நிலையில் இருந்த தாழ்த்தப்பட்ட மக்கள்தான் பெருமளவில் போனார்கள். கூலி கையில் காசாக வந்தது, பண்ணையார் இல்லை. அதற்குக் கொடுத்த விலை பெரியது என்றாலும் போனவர்கள் திரும்பவில்லை. மேல்வேலைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும், காவலுக்குப் பஞ்சாபிகளும் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முப்பதாயிரம் பேர் வரை வேலை செய்த இடம் அது.

அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளை அவசியம் பாருங்கள். மூங்கில் தட்டிக் குடிசைகளாக இருந்தவை பிற்பாடு சுவரும் ஓடும் தகரமும் ஆனவை. ஒரு அறை, ஓரமாக அடுப்பு, வாசலில் இரண்டு பேர் உட்காருகிற இடம், அடுத்த வீட்டுச் சுவரே இந்த வீட்டுச் சுவர். தெருக்குழாய் பொது. இன்றைக்கு அங்கங்கே இழுத்துக் கட்டி இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள். ஆனால் வரிசை மாறவில்லை. அதே ஊரின் இன்னொரு பக்கம் பெரிய தோட்டத்தோடு பங்களாக்கள், 1880களில் ஆரம்பித்த கிளப், கோல்ஃப் மைதானம். குட்டி இங்கிலாந்து என்று பேர் வைத்துக்கொண்டார்கள். லைன் வீட்டை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கிளப் பக்கம் போங்கள் என்பது என் யோசனை. மாற்றிப் பார்த்தால் அந்த இங்கிலாந்து ரொம்ப அழகாகத் தெரிந்துவிடும்.

இந்த லைன்களில் நடந்த காரியங்கள் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சேர வேண்டியவை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. அவர் நடத்திய தமிழன் பத்திரிகை, 1914இல் அவர் மறைந்த பிறகு நின்று, 1926இலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்கத் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பகலில் பாறை உடைத்தவர்கள் ராத்திரிப் பள்ளி நடத்தினார்கள், சாதி ஒழிப்பு பேசினார்கள், கல்யாணத்தைப் புரோகிதர் இல்லாமல் செய்தார்கள். தங்கம் திருடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டுத் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது 1930இல் மொத்த வயலும் வேலையை நிறுத்தியது. 1946இல் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். அந்த நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பிற்பாடு கம்யூனிஸ்ட், அம்பேத்கர் வழியில் வந்த குடியரசுக் கட்சி, அண்ணா தி.மு.க. என்று கர்நாடகச் சட்டமன்றத்துக்கு இந்தத் தொகுதி அனுப்பிய ஆட்களைப் பார்த்தாலே ஊரின் குணம் தெரியும். டீக்கடையில் நீங்கள் தமிழிலேயே பேசலாம். நம் இழுவையைக் கேட்டுச் சிரிப்பார்கள், நமக்கும் அவர்கள் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் கலந்து வருவது புதிதாக இருக்கும்.

கடைத்தெரு என்றால் ராபர்ட்சன்பேட்டை. 1900ஐ ஒட்டி பிளேக் பரவியபோது நெரிசலைக் குறைக்க நேர் நேரான தெருக்களோடு திட்டமிட்டுக் கட்டிய ஊர், அன்றைக்கு மைசூரில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட்டின் பெயர் அதற்கு. உள்ளே எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றினால் அரை நாள் போய்விடும். ஆண்டர்சன்பேட்டை இன்னும் பழைய வாசனையோடு இருக்கிறது. சாம்பியன் ரீஃபில் வெற்றி அன்னை ஆலயம், பழைய சுரங்க ஆஸ்பத்திரி, ஐந்து விளக்கு எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் அடங்கும். ஆஸ்பத்திரியை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். கல்தூசி நுரையீரலில் படிந்து வருகிற சிலிகோசிஸ் இங்கே எத்தனையோ குடும்பங்களை அழித்திருக்கிறது.

ஒரு விஷயம் சுற்றுலா வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. 1960களில் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் விஞ்ஞானிகள் வந்து உட்கார்ந்தார்கள். நியூட்ரினோ என்ற துகள் எதையும் ஊடுருவிப் போய்விடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் வானத்திலிருந்து கொட்டுகிற மற்ற கதிர்களை மறைக்க ஒரு கூரை வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறையைவிட நல்ல கூரை எது? எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலானோர் இருந்த டாடா ஆய்வு நிறுவனக் குழு, ஜப்பான், இங்கிலாந்துக் குழுக்களோடு சேர்ந்து, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை 1965இல் அங்கே பதிவுசெய்தது. உலகத்தில் அது முதல் பதிவுகளில் ஒன்று. சுரங்கம் நலிந்து 1990களின் ஆரம்பத்தில் ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். அதற்கு மாற்றாக வேறு இடம் தேடியபோதுதான் நம் மசினகுடிப் பக்கம் சிங்காரா பெயர் அடிபட்டது. யானை வழித்தடம் என்று 2009இல் அனுமதி மறுத்ததும், ஆய்வுக்கூடத் திட்டம் தேனிக்குப் போனது. அந்தத் திட்டத்தை எதிர்த்து நடந்த நியூட்ரினோ சண்டையின் வேர் தங்கவயல் குழிக்குள் இருக்கிறது.

அரசியல் பக்கத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசு, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். தங்கம் குறைந்தது, செலவு ஏறியது, வருடா வருடம் நஷ்டம். மூடும்போது மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்வதற்காக 1964இல் ஆரம்பித்த பி.இ.எம்.எல். தொழிற்சாலை மட்டும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது கடைசிக் கேள்வி, கொங்குத் தங்கம். ஆதித்த சோழன் கொங்கு நாட்டுப் பொன்னைக் கொண்டுவந்து தில்லைச் சிற்றம்பல முகட்டை வேய்ந்தான் என்று நம்பியாண்டார் நம்பி பாடியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நம் பக்கம் பெரிய சுரங்கம் இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வென்ற நாட்டின் கருவூலத்தை அள்ளிக்கொண்டு போவதற்குச் சுரங்கம் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வியாபாரம் நடந்த நாடு இது. பழனிப் பக்கம் கலயமுத்தூரில் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்திருக்கின்றன. கொடுமணலில் கல்மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள். படியூரில் பச்சைக்கல் தோண்டினார்கள். பொன் வந்து சேருவதற்கு அத்தனை வழியும் இருந்தது.

நிஜமாகவே தங்கத்துக்குத் தோண்டிய இடம் மலைக்கு மேலே, கூடலூர் தாண்டி தேவாலாவும் பந்தலூரும். அதைக் கொங்கு நாடு என்று சொல்ல முடியாது, வயநாட்டின் கிழக்கு விளிம்பு. 1877இல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். குறும்பரும் பணியரும் ஓடை மண்ணை அலசிப் பொன் எடுத்துவந்த பகுதி. 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்பவரை வரவழைத்து ஆராயச் சொன்னார்கள். அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் பைத்தியம் பிடித்தது. கொஞ்ச காலத்துக்குள் நாற்பது கம்பெனிகள் வரை முளைத்தன. நஷ்டத்தில் கிடந்த காப்பித் தோட்டங்கள் தங்க நிலம் என்று சொல்லி யானை விலைக்கு விற்கப்பட்டன. கல்லை அரைத்துப் பார்த்தபோது கூலிக்குக்கூடத் தேறவில்லை. சில வருடத்தில் எல்லாம் முடிந்தது. அங்கே விற்றவர்கள் சம்பாதித்தார்கள், தோண்டியவர்கள் சம்பாதிக்கவில்லை. கோலாரின் கம்பெனிகளும் அதே பைத்தியக் காலத்தில் பிறந்தவைதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிளம்மர் அந்தப் படிவத்தைத் தொடாமல் போயிருந்தால் தங்கவயலும் இன்னொரு தேவாலா ஆகியிருக்கும். தேவாலாவில் இப்போதும் பழைய குகைகளுக்குள் அனுமதியில்லாமல் தோண்டுகிறார்கள், மண் சரிந்து சாகிறார்கள். அங்கேயும் போய் எட்டிப் பார்க்க வேண்டாம், யானை வேறு நடமாடுகிற இடம்.

இரண்டு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாரிக்குப்பம் வரை ரயில், பிறகு சாம்பியன் ரீஃப், லைன்கள், கிளப் பக்கம், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சயனைடு மேடு. தங்குவதற்கு ராபர்ட்சன்பேட்டை. இரண்டாம் நாள் காலையில் கம்மசந்திரம் கோடிலிங்கேஸ்வரர் கோயில், 108 அடி லிங்கம், சுற்றிலும் லட்சக்கணக்கில் சின்ன லிங்கங்கள். 1980 வாக்கில் தொடங்கிய புதிய கோயில், குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பிடிக்கும். பழைய கோயில் வேண்டுமானால் கோலார் டவுனுக்குப் போய்விடுங்கள். கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர்கள் அந்தப் பகுதிக்கு நிகரிலிச் சோழ மண்டலம் என்று பேர் வைத்து ஆண்டார்கள். கோலாரிலிருந்து பங்காரப்பேட்டைக்கு பஸ் உண்டு, சாயங்கால ரயிலைப் பிடித்தால் ராத்திரியே ஈரோடு வந்துவிடலாம்.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகள் சாயங்காலம் சாம்பியன் ரீஃப் டீக்கடைகளில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுங்கள். படம் எப்படி இருந்தது என்று ஆரம்பிக்காமல், எந்தக் குழியில் வேலை, எத்தனாவது லெவல் என்று கேளுங்கள். நாலு பேருக்கும் டீ ஆறிப்போகிற வரைக்கும் விடமாட்டார்கள்.